நஹான்னி: கதையும் நதியும்

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் மக்கென்சி மலைத்தொடரில் பிறந்து, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி லியார்டு ஆற்றில் விழுந்து, அதன் வழியே மக்கென்சி மகாநதியை அடைந்து ஆர்க்டிக் சமுத்திரத்தில் சங்கமிக்கும் தென் நஹான்னி நதியைப் பற்றிப் பேச்செடுத்தால், தங்கம் தேடிப் போன மக்லியோட் சகோதரர்களின் சடலங்கள் 1908-இல் தலையின்றிக் கிடைத்த கதையையே பலரும் முதலில் சொல்கிறார்கள். அவை கிடைத்த இடத்துக்கு இன்றும் ‘இறந்தவர் பள்ளத்தாக்கு’ என்றே பெயர். இந்தப் பீதிக் கதை ஒரு மகத்தான பூகோளத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்பதே என் வருத்தம்.

மலைகளை விடப் பழையது இந்த நதி. சமநிலத்தில் அது வளைந்து வளைந்து ஓடிய காலத்தில் பூமி மெல்ல மேலெழும்ப, எழும்பிய வேகத்துக்கு ஈடாக நதியும் கீழ்நோக்கி அறுத்துக்கொண்டே போனதால், அந்தப் பழைய வளைவுகள் மாறாமல் ஆயிரம் மீட்டர் வரை ஆழமுள்ள சுண்ணாம்புப் பாறைச் சுவர்களுக்கிடையே இன்றும் நிலைத்திருக்கின்றன. கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளங்கள்கூட நதியின் நான்கு மலையிடுக்குகளில் முதலாவதை எட்டவில்லை. தங்கம் தேடியவர்களும் வேடர்களும் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி வந்தவர்களாதலால், நான்கு இடுக்குகளையும் முகத்துவாரத்திலிருந்தே எண்ணினார்கள். மிதவை விமானத்தில் மேலே போய் இறங்கித் துடுப்புப் போட்டு வரும் இன்றைய யாத்திரிகருக்கோ நான்காவதுதான் முதலில் எதிர்ப்படுகிறது.

அதற்கும் மேலே ராபிட்கெட்டில் என்ற இடத்தில், வெந்நீர் ஊற்று பத்தாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணத்தைப் படியவைத்து எழுப்பிய 27 மீட்டர் மேடு இருக்கிறது. அதன் படிகளில் விரலளவு விளிம்புகள் சின்னஞ்சிறு கிண்ணங்களாக நீரைத் தாங்கி நிற்கின்றன. ஒரு மிதியடி பட்டாலே அவை நொறுங்கும். ஆகவே இங்குள்ள தேசியப் பூங்காவின் பணியாளர் துணையோடு வெறுங்காலில்தான் அங்கே ஏறவேண்டும் என்ற விதியை, சந்நிதிக்குள் வெறுங்காலோடு நுழைந்து பழகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கீழே, தொண்ணூறு மீட்டருக்கு மேல், நயாகராவைப் போல் ஏறக்குறைய இருமடங்கு உயரத்திலிருந்து விழும் அருவிக்கு 1928-இல் பென்லி ஹன்டர் என்பவர் தம் மகளின் பெயரைச் சூட்டி வர்ஜீனியா அருவி என்றார். அதற்கு வெகுகாலம் முன்பே பூர்வகுடிகளான டெனே மக்கள் பெருநீர் விழும் இடமென்று பொருள்பட நைலிச்சோ என்று அழைத்திருந்தார்கள். இங்கே நீர்மின் நிலையம் கட்டும் யோசனையும் ஒரு காலத்தில் இருந்தது. 1972-இல் தேசியப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டதாலும், 1978-இல் யுனெஸ்கோவின் முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதாலும், 2009-இல் பூங்கா ஏறக்குறைய 30,000 சதுர கிலோமீட்டராக விரிந்ததாலும் நதி பிழைத்தது. ஆயினும் அந்த எல்லைக்குள் துத்தநாகச் சுரங்கம் ஒன்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், அதற்குச் சாலை போடும் முயற்சியும் நடக்கிறது. சாலையில்லாமையே இந்நதியின் அரண் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நஹான்னிக்குப் படகேறிப் போகும் பாக்கியம் பெற்ற அன்பர்களே, மக்லியோட் கதையைப் படிக்குமுன் தேசப்படத்தை விரித்து, நைலிச்சோ என்ற பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.