தொப்புள் கொடி அக்கவுண்ட்

அசோக் நகரில் ஒரு ஃப்ளாட்டில் குழந்தை அழுதால், பாக்கி பதினோரு ஃப்ளாட்டிலும் டாக்டர்கள் அவதரித்து விடுவார்கள். எங்கள் பில்டிங்கில் போன மாதம் அதுதான் நடந்தது. மாடி வீட்டில் நாற்பது நாள் குழந்தை. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால், அசோக் பில்லர் சிங்கங்கள் எழுந்து நின்று 'என்ன சத்தம்?' என்று கேட்கிற மாதிரி ஒரு தொண்டை!

கீழ் வீட்டு ரிடையர்ட் தாசில்தார் 'உரம் விழுந்திருக்கும்' என்றார். வாட்ச்மேன் 'கண்ணு பட்டிருக்கு சார்' என்றார். வசம்பு சுட்டு வை என்று ஒரு கோஷ்டி, ஓமத் தண்ணீர் கொடு என்று எதிர்க் கோஷ்டி. கடைசியில் மூன்றாவது மாடி மாமி படியிறங்கி வந்து தீர்ப்பு வழங்கினார்.

"ஒரு ஸ்பூன் கசகசாவை நன்னா அரைச்சு, பால்ல கலந்து வடிகட்டி ரெண்டு சங்கு புகட்டிடு. அப்புறம் பாரு, விடியற வரைக்கும் மூச்சு விடாது! என் ரெண்டு புள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தேன்."

அந்த இரண்டு பிள்ளைகளும் இன்றைக்கும் காலை ஒன்பதரைக்கு முன்னால் கண் திறப்பதில்லை. அதை நான் மாமியிடம் சொல்லவில்லை. 'மூச்சு விடாது' என்ற வார்த்தைதான் உறுத்தியது.

குழந்தையின் அப்பா ஐ.டி. கம்பெனிப் பையன். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி என்னிடம் வந்தான். நான் படித்ததோ பி.காம். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகாமல் அழுத அனுபவம் உண்டே தவிர, குழந்தை அழுவது பற்றித் தெரியாது. ஆனால் என் அண்ணி அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸ். போன் போட்டேன்.

"தம்பி, மொதல்ல அந்த மாமிகிட்டேர்ந்து கசகசா டப்பாவை வாங்கி வைங்க. அது என்ன செடியோட விதைன்னு தெரியுமில்ல?"

தெரியாது. குருமாவில் போடுவார்கள் என்பது மட்டும் தெரியும். அபின் செடியின் விதையாம்! விதைக்குள் போதை கிடையாது. காயில் ஊறுகிற பால்தான் அபின். அது அறுவடையில் விதை மேல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். கழுவி, அரைத்து, கொதிக்க வைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆகவே உங்கள் குருமாவுக்கு ஆபத்தில்லை, நிம்மதியாகச் சாப்பிடுங்கள். (வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் மட்டும் சூட்கேஸில் கசகசா வைக்காதீர்கள். அங்கே அது தடை செய்த சரக்கு!) ஆனால் பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத மிச்சம் மீதி, மூன்றரைக் கிலோ உடம்புக்குப் போதும். ஜெர்மனியில் ஓர் அம்மா இதே மாதிரி கசகசாவைப் பாலில் கலந்து வடிகட்டிக் கொடுக்க, கைக்குழந்தைக்கு மூச்சே தடுமாறி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று.

மாமியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பழைய பம்பாயில் மில் வேலைக்குப் போன பெண்கள், விடியற்காலையில் குழந்தைக்கு 'பால கோலி' என்று ஓர் அபின் உருண்டையைக் கொடுத்துத் தூங்கப் பண்ணிவிட்டுத்தான் ஷிஃப்டுக்கு ஓடினார்கள். 1920-களின் தொழிலாளர் அறிக்கைகளில் இது பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆசையாகவா கொடுத்தார்கள்? பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அழுதால் சம்பளம் போச்சு.

மாடி வீட்டுக் குழந்தையை டாக்டரிடம் காட்டினார்கள். சாதாரண வயிற்று வலி அழுகைதானாம், மூன்று நாலு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும் என்றார். அந்தக் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் அண்ணி போனை வைக்கவில்லை.

"பம்பாய்ல பொறந்தப்புறம் குடுத்தாங்க. என் வார்டுல பொறக்கும்போதே அதைச் சாப்பிட்டுட்டு வர்ற குழந்தைங்க தம்பி. இந்த அழுகை வேற. ஒரு தடவை கேட்டா மறக்காது. கிரீச்சுனு, கம்பிய இழுத்துவிட்ட மாதிரி..."

அமெரிக்காவில் 1990-களின் பின்பாதியிலிருந்து முதுகுவலிக்கும் பல்வலிக்கும் அபின் வகை மாத்திரைகளைக் கல்யாண வீட்டு வெற்றிலை பாக்கு மாதிரி வாரி வழங்கினார்கள். மாத்திரை போய் ஹெராயின் வந்தது, அப்புறம் ஃபென்டனில். அகப்பட்டவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு. 2014-ல் அந்த நாட்டில் சராசரியாகப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு குழந்தை இந்த அவஸ்தையோடு பிறந்தது. நீங்கள் டீ குடித்துவிட்டு சீட்டுக்குத் திரும்புவதற்குள் ஒன்று.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை என் பி.காம். பாஷையில் சொல்கிறேன். தாய்க்கும் சிசுவுக்கும் நடுவில் நஞ்சுக்கொடி வழியாக ஒரு ரன்னிங் அக்கவுண்ட். அம்மா எடுத்துக்கொள்ளும் அபின் வகை மருந்து அந்த கவுன்டரில் ஒரு கேள்வியும் இல்லாமல் கடந்து போய் சிசுவின் கணக்கில் கிரெடிட் ஆகிவிடும். மாதக்கணக்கில் இப்படி வரவு வந்துகொண்டே இருக்க, சிசுவின் மூளை அதை நம்பிக் குடித்தனம் நடத்தப் பழகிக்கொள்கிறது. அந்த மருந்து நரம்புகளுக்குப் போடுகிற பிரேக் என்பதால், அதை மீறி வண்டி ஓட மூளை ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பிரசவம் ஆகிறது. தொப்புள் கொடியில் கத்திரி விழுகிறது. அக்கவுண்ட் க்ளோஸ்! பிரேக் போய்விட்டது, ஆக்ஸிலரேட்டரில் கால் அப்படியே இருக்கிறது.

ஹெராயின் என்றால் முதல் நாளே, மெதடோன் போன்றவை என்றால் இரண்டு மூன்று நாள் கழித்து ஆரம்பிக்கும். கை கால் நடுக்கம், விடாத தும்மல், கொட்டாவி, வியர்வை, பேதி. பசி பசி என்று விரலைச் சப்பும், ஆனால் பால் குடிக்கத் தெரியாமல் திணறும். முற்றினால் வலிப்பு. எடை குறைவாக, தலை சற்றுச் சிறியதாக, மாதத்துக்கு முன்பே பிறப்பதும் உண்டு. வளர்ந்த பிறகு படிப்பு, கவனம் எல்லாம் பாதிக்குமா என்றால், சில ஆய்வுகள் ஆமாம் என்கின்றன. ஆனால் மருந்தின் வேலை எவ்வளவு, சிகரெட், பட்டினி, நிம்மதியில்லாத வீடு இவற்றின் வேலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ஒரு விஷயத்தில் அண்ணிக்கு மகா கோபம். "பேப்பர்ல 'போதைக்கு அடிமையான குழந்தை'ன்னு எழுதறாங்க. அடிமைன்னா தேடிப் போகணும் தம்பி. இது எங்க போச்சு? தொட்டில்லயே கிடக்குது. உடம்பு பழகிடுச்சு, அவ்வளவுதான். சில நாள்லயோ சில வாரத்துலயோ சரியாயிடும்."

அதை எப்படிச் சரி செய்கிறார்கள் என்பதில்தான் சுவாரஸ்யம். 1975-ல் ஃபிலடெல்ஃபியாவில் லொரெட்டா ஃபின்னகன் என்ற டாக்டரம்மா நடுக்கத்துக்கு இத்தனை, தும்மலுக்கு இத்தனை என்று ஒரு மார்க் ஷீட் போட்டார். மார்க் ஏறினால் குழந்தைக்குச் சொட்டு மார்ஃபின் கொடுத்து மெள்ள மெள்ளக் குறைப்பார்கள். பல வருஷம் இதுதான் வழக்கம். பிறகு சிலர் வேறு மாதிரி கேட்டார்கள். குழந்தை சாப்பிடுகிறதா? ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா? பத்து நிமிஷத்துக்குள் சமாதானம் ஆகிறதா? ஆம் என்றால் மருந்து வேண்டாம். விளக்கைக் குறை, சத்தத்தைக் குறை, துணியில் இறுக்கிச் சுற்று, அம்மாவைப் பக்கத்திலேயே வை. 26 அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பரீட்சை செய்து 2023-ல் வெளியிட்டார்கள். குழந்தை வீட்டுக்குப் போகத் தயாராக 14.9 நாள் ஆனது, 8.2 நாளாகக் குறைந்துவிட்டது! இருட்டு அறை, துணிச் சுற்று, அம்மா மடி... இதைக் கேட்ட மாமி, "இதத்தானேடா நாங்களும் பண்ணினோம்!" என்றார். கசகசாவில் தோற்றாலும் தூளியில் மாமி பாஸ்.

ஆக, மருந்துகளில் முதல் மருந்து அம்மாதான். அந்த அம்மாவை நாம் என்ன செய்கிறோம்? டென்னஸி மாநிலத்தில் 2014-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கர்ப்பத்தில் போதை எடுத்துப் பிள்ளைக்கு பாதிப்பு வந்தால் தாய் மேல் கேஸ். பெண்கள் திருந்தவில்லை, ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதைத்தான் பலர் தவிர்த்தார்கள். 2016-ல் சட்டம் காலாவதியாக விட்டுவிட்டார்கள்.

'இன்றைக்கே நிறுத்து, பிள்ளை மேல் சத்தியம் பண்ணு' என்று சினிமா பாணியில் மிரட்டுவதும் ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் அவஸ்தை தாளாமல் மறுபடி பழைய சரக்குக்கே போய்விடுவாள். குறைப்பிரசவமும் ஆகலாம். டாக்டர்கள் மெதடோன் அல்லது புப்ரினார்ஃபின் என்ற மருந்தை அளவாகக் கொடுத்து நிலையாக வைத்துக்கொள்கிறார்கள். 2010-ல் வந்த ஓர் ஆய்வில், புப்ரினார்ஃபின் எடுத்த அம்மாக்களின் குழந்தைகள் சராசரி 10 நாளில் வீடு திரும்பின. மெதடோன் என்றால் 17.5 நாள். வேறு சிக்கல் இல்லாவிட்டால் தாய்ப்பாலும் கொடுக்கச் சொல்கிறார்கள்.

'இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம் சார்' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். எய்ம்ஸ் 2019-ல் வெளியிட்ட கணக்கில், இந்தியாவில் அபின் வகைகளைப் பயன்படுத்துகிறவர்கள் 2 கோடியே 26 லட்சம். பெரும்பாலோர் நம்மைப் போன்ற தடிப்பயல்கள்தான். பெண்கள் குறைவு, வெளியே சொல்கிறவர்கள் அதைவிடக் குறைவு. குடித்துவிட்டு விழும் புருஷனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போக ஊரே வரும். மாத்திரைக்குப் பழகிய மனைவியை அழைத்துப் போக யார் வருவார்? நம் அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை 1980-லிருந்து நடக்கிறது. குடியில் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் ஆரம்பித்தது. குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவது அங்கே வழக்கம். அவ்வளவு தூரம் போகக் கூச்சமாக இருந்தால் 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

அப்புறம், கர்ப்பிணி மனைவிக்கு முதுகுவலி என்றதும் ஆபீஸ் விட்டு வரும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் வண்டியை நிறுத்தி, 'ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க' என்று கேட்கும் கணவன்மார்களே! ட்ரமடோல், கோடீன் எல்லாம் இதே குடும்பத்துச் சொந்தக்காரர்கள். சில இருமல் சிரப்பிலும் கோடீன் ஒளிந்திருக்கும். ட்ரமடோலை அரசாங்கம் 2018-லேயே போதைப் பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. ஏற்கெனவே மாதக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தால், ஒளிக்காமல் அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள். பிரசவத்துக்குப் பிறகு எத்தனை நாள் குழந்தையைக் கவனிக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்வதற்கு அந்த அட்டை வேண்டும்.

அண்ணி வார்டில் அப்பாக்களுக்கும் டியூட்டி உண்டாம். சட்டையைக் கழற்றிவிட்டு, குழந்தையை வெறும் நெஞ்சில் படுக்க வைத்து, மேலே ஒரு போர்வை. ராத்திரி இரண்டிலிருந்து நாலு வரை. அசையக் கூடாது, பேசக் கூடாது, செல்போன் கூடாது. குறட்டை விட்டால் மட்டும் அண்ணி வந்து எழுப்புவார்.