கூண்டுக்குள்ள இருந்த பிள்ளையும் கூண்டே இல்லாம இருந்த பிள்ளையும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா வாசிங்க, குறிப்பா உம்மாமாரும் வாப்பாமாரும்.

இன்டர்வல் நேரத்துல தரம் 9, 10 பிள்ளைகள் கதைக்கிறதைக் காது கொடுத்துக் கேட்டா, அதுல பாதி ஸொம்பிக் கதைதான். "தி லாஸ்ட் ஒஃப் அஸ்" என்று ஒரு அமெரிக்கத் தொடர். 2013இல் ஒரு வீடியோ கேமாக வந்து, 2023இல் எச்.பீ.ஓ அதைத் தொடராக எடுத்தது. சின்னப் பிள்ளைகள் பார்க்கக்கூடிய தொடர் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பார்க்கிறார்கள். போன் கையில் இருக்கும்வரை பார்ப்பார்கள். நாங்கள் எட்டிப் பார்த்து "பேய்ப்படம் பாக்கிறியா, மூடு அதை" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தக் கதைக்குள் பிள்ளை என்ன பார்த்தது என்று கேட்பதில்லை.

அதனால் அந்தத் தொடரின் 8ஆவது அத்தியாயத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. இன்னும் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், கதை முழுக்க இதில் வரும்.

கதை இதுதான். எறும்புகளின் உடம்புக்குள் புகுந்து அவற்றை ஆட்டிவைக்கும் ஒரு பூஞ்சணம் உண்மையிலேயே உலகத்தில் இருக்கிறது. அதே வகைப் பூஞ்சணம் மனிதனுக்குத் தொற்றினால் என்ன நடக்கும் என்பதுதான் கற்பனை. 2003இல் உலகம் சரிந்துபோகிறது. 20 வருடத்துக்குப் பிறகு ஜோயல் என்ற ஒருவர், எல்லி என்ற 14 வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவைக் கடந்து போகிறார். எல்லிக்கு அந்த நோய் தொற்றாது. வழியில் ஜோயலுக்குக் கடுமையான காயம். பனிக்காலம். மருந்தும் இல்லை, சாப்பாடும் இல்லை. எல்லி தனியாக வேட்டைக்குப் போய் ஒரு மானைச் சுடுகிறாள். அந்த இடத்தில்தான் டேவிட்டைச் சந்திக்கிறாள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரு ஸொம்பிகூட வருவதில்லை. ஆனால் முழுத் தொடரிலும் ஆகப் பயங்கரமான அத்தியாயம் இதுதான் என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

டேவிட் ஒரு சிறிய கூட்டத்தின் தலைவர். பழைய ஒரு உணவகம்தான் அவர்களுடைய மண்டபம், ஜெப வீடு, சாப்பாட்டு இடம் எல்லாமே. இறைவன் தேவையைப் பார்த்துத் தருவான் என்ற கருத்தில் ஒரு பெரிய பதாகை அங்கே தொங்குகிறது. டேவிட் மெதுவாகப் பேசுவார். வேதம் வாசிப்பார். உலகம் அழிய முதல் அவர் என்ன வேலை செய்தார் தெரியுமா? கணிதம் படிப்பித்த ஆசிரியர்.

அங்கே ஹன்னா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். வாப்பா கொல்லப்பட்டு அதிக நாளாகவில்லை. கொன்றது ஜோயல். வேதம் வாசித்து முடிந்ததும் ஹன்னா ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: வாப்பாவை எப்ப அடக்குவீங்க? பனியில் நிலம் இறுகிப் போயிருக்கிறது, வசந்தகாலம் வரட்டும் என்று டேவிட் ஆறுதல் சொல்கிறார். பதில் நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அது பொய். பசி முற்றிய அந்தக் கூட்டத்தில் மையித்துகளுக்கு என்ன நடக்கிறது என்பது டேவிட்டுக்கும் இன்னும் சிலருக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களின் தட்டுக்கு வருவது மான் இறைச்சி என்று சொல்லப்படுகிறது. மேலே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு விளங்கியிருக்கும்.

பிறகு ஒரு நாள் எல்லோரும் கூடியிருக்கும்போது, வாப்பாவைக் கொன்றவனையும் அவனோடு வந்த பிள்ளையையும் கொல்ல வேண்டும் என்று ஹன்னா வாய்விட்டுச் சொல்கிறாள். டேவிட் நேரே அவளிடம் போய் கன்னத்தில் அறைகிறார், எல்லோருக்கும் முன்னால். அறைந்துவிட்டு, உனக்கு எப்போதும் ஒரு தகப்பன் இருக்கிறான், அவன் பேசும்போது மரியாதையாக இருக்க வேண்டும் என்ற மாதிரிச் சொல்கிறார். அந்தத் தகப்பன் யார் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த உம்மாகூட எழும்பவில்லை. சாப்பாடு தொடங்குகிறது.

எனக்கு அந்த அத்தியாயத்தில் தூக்கத்தைக் கெடுத்தது கூண்டு அல்ல, இந்த இடம்தான்.

இனி எல்லியின் பக்கம் வருவோம். டேவிட் அவளை எப்படி நெருங்குகிறார் என்ற ஒழுங்கைப் பாருங்கள். முதலில் கொடுக்கிறார். மானுக்குப் பதிலாகப் பெனிசிலின். நெருப்பு மூட்டிக் குளிர் காய வைக்கிறார், தன்னுடைய கதையைச் சொல்கிறார். பிறகு பிடித்துக் கூண்டில் அடைத்த பின்னும் சாப்பாட்டோடுதான் வருகிறார், மெதுவாகத்தான் பேசுகிறார். அடுத்தது புகழ்ச்சி. நீ மற்றப் பிள்ளைகளைப் போல இல்லை, நீ ஒரு தலைவி, நீயும் நானும் ஒரே மாதிரி, இங்கே உள்ளவர்களுக்கு என்னை விளங்காது, எனக்குச் சமமான ஒருவர் வேண்டும். சொல்பவர் நரைத்த மனிதர், கேட்பது 14 வயதுப் பிள்ளை. அவள் மறுத்தவுடன் குரல் மாறுகிறது. மிரட்டல் வருகிறது, அதற்குப் பிறகு பலாத்காரம்.

கொடுப்பது, புகழ்வது, தனிமைப்படுத்துவது, இரகசியம் வளர்ப்பது, மிரட்டுவது. பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்பவர்கள் இந்த ஒழுங்கில்தான் நெருங்குகிறார்கள் என்று சிறுவர் பாதுகாப்புப் பயிற்சிகளில் ஆசிரியர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். இருட்டில் முகமூடி போட்டு வருபவனைப் பற்றித்தான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். ஊரே மதிக்கும் ஒருவர், சிரித்த முகத்தோடு, கையில் மருந்தோடு வருவார் என்று சொல்லி வைக்கவில்லை.

எல்லி எப்படித் தப்பினாள்? ஜோயல் வந்து காப்பாற்றவில்லை. அவர் வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அவளே தப்பினாள். அவளுக்கு மூன்று விஷயம் இருந்தது. ஒன்று, தான் கூண்டுக்குள் இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். இரும்புக் கம்பி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. இரண்டு, தரையில் கிடந்ததைப் பார்த்து, அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று முகத்துக்கு நேரே கேட்டாள். பெரியவர் என்று பார்க்கவில்லை. மூன்று, தன்னைத் தேடி வர ஒரு மனிதர் இருக்கிறார் என்ற நம்பிக்கை.

ஹன்னாவுக்கு இந்த மூன்றும் இல்லை. அவளைச் சுற்றிக் கம்பி இல்லை. வேதம் வாசிக்கும் இடத்தில், உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குச் சொல்லப்பட்டது பொய் என்று அவளுக்குத் தெரியாது. வாய் திறந்தால் அறை விழும் என்று படித்துக்கொண்டுவிட்டாள். அவளைத் தேடி வர யாரும் இல்லை, ஏனென்றால் அவள் காணாமல் போகவில்லையே, வீட்டில்தானே இருக்கிறாள். கடைசியில் அந்த உணவகம் பற்றி எரிகிறது, டேவிட் செத்துப் போகிறார், எல்லியும் ஜோயலும் நடந்து போகிறார்கள். ஹன்னாவுக்கு என்ன நடந்தது என்று கதை சொல்லவே இல்லை. நாங்களும் கேட்பதில்லை.

என் வகுப்பறை அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் ஊர்களில் எல்லிகள் குறைவு, ஹன்னாக்கள்தான் அதிகம். அப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றி ஆசிரியர் அறையில் என்ன சொல்வோம்? "நல்ல பிள்ளை, வாயே தொறக்க மாட்டா." அது பாராட்டா, அல்லது நாங்கள் கவனிக்க வேண்டிய ஒரு அறிகுறியா என்று இரண்டாம் தரம் யோசிப்பதில்லை.

ஒரு நியாயமான கேள்வி வரலாம். "சேர், அந்த மனுசன் பஞ்சத்துல ஒரு கூட்டத்த உசுரோட வெச்சிருந்தாரே. கட்டுப்பாடு இல்லாட்டி எல்லாரும் செத்திருப்பாங்களே" என்று. அவரும் எல்லியிடம் அதைத்தான் சொல்கிறார்: பட்டினியில் சாக விடச் சொல்கிறாயா என்று. உயிர் போகும் பசியில் மனிதன் எடுக்கும் முடிவைப் பற்றி வயிறு நிறைந்த நான் இலேசாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பசி இரகசியத்துக்கு நியாயம் ஆகாது. எல்லோருக்காகவும் எடுத்த முடிவு என்றால் எல்லோருக்கும் சொல்லியிருக்கலாம். ஹன்னாவை அறைந்ததால் யாருடைய பசியும் தீரவில்லை. எல்லியிடம் கேட்டது சாப்பாட்டுக்கான விஷயமும் அல்ல. பஞ்சம் ஒரு போர்வை. அதற்குக் கீழே இருந்தது, தன்னை யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்ற ஆசை.

அதே தொடரில் ஜெக்சன் என்று இன்னொரு ஊர் வருகிறது. அங்கேயும் உயரமான மதில், துப்பாக்கியோடு காவல், கடுமையான சட்டம். ஆனால் தெரிவுசெய்யப்பட்ட சபை இருக்கிறது. வேலையை மாறி மாறிச் செய்கிறார்கள். உள்ளதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பாடசாலை இருக்கிறது. ஆகவே பிழை மதிலில் இல்லை, கட்டுப்பாட்டிலும் இல்லை. இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே பொறுப்பில் இருப்பவரைக் கேள்வி கேட்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "பாத்தியா, அவங்கட மதபோதகர் எப்படி" என்று இதை வாசித்துவிட்டுப் போவது வசதிதான். அப்படி வாசித்தால் நமக்கு இதில் ஒன்றும் இல்லை. டேவிட்டின் தலையில் இரண்டு தொப்பி இருந்தது. ஒன்று ஆசிரியர், மற்றது மார்க்கம் சொல்பவர். அந்த இரண்டு தொப்பியும் எங்கள் ஊரிலும் மரியாதைக்குரியவை. மரியாதை கொடுப்பது நல்ல பழக்கம். பெரும்பாலானவர்கள் அதற்குத் தகுதியானவர்களும்கூட. ஆனால் மரியாதை வேறு, கணக்குக் கேட்காமல் விடுவது வேறு. சேர், ஹஸ்ரத், ரியூசன் மாஸ்டர், கோச், சொந்தக்கார மாமா, யாராக இருந்தாலும் இது பொருந்தும். ஆசிரியரான எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நேர்மையான மனிதருக்கு இந்தக் கணக்கு ஒரு பாதுகாப்பு. அவர் இதனால் கோபப்பட மாட்டார்.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

பிள்ளை "நான் அவர்ட போக மாட்டேன்" என்று சொன்னால், ஏசுவதற்கு முதல் ஏன் என்று கேளுங்கள். ஒரு தரம் கேட்டுப் பதில் வராவிட்டால் இரவில் பக்கத்தில் படுக்கும்போது இன்னொரு தரம் கேளுங்கள். சோம்பல் என்று முடிவு எடுக்க அவசரப்படாதீர்கள்.

"உம்மாட்ட சொல்லாத" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், அதை உடனே உம்மாவிடம் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு இந்த ஒரு விதியைச் சின்ன வயதிலேயே பழக்குங்கள். சொன்னதற்காக அடி விழாது என்ற உறுதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

மூடிய கதவுக்குள் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கும் வகுப்பு எங்கேயும் வேண்டாம். கதவு திறந்திருக்கட்டும். யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் அவமானம் இல்லை.

மவுத்து வீட்டில் பிள்ளைக்குப் பொய் சொல்லாதீர்கள். "வாப்பா வெளிநாட்டுக்குப் போயிருக்கார், வருவார்" என்று சொல்லி வளர்த்த பிள்ளை, பிறகு எந்தப் பெரியவரின் பேச்சை நம்பும்? அந்த வயதுக்கு விளங்கும் மாதிரி உண்மையைச் சொல்லுங்கள். அழ விடுங்கள், பக்கத்தில் இருங்கள். ஹன்னா கேட்டதும் ஓர் உண்மையைத்தானே.

பெரியவர் ஒருவர் சபையில் வைத்துப் பிள்ளைக்குக் கை நீட்டினால், யாராவது ஒருவர் எழும்ப வேண்டும். சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. "போதும், புள்ளைய விடுங்க" என்ற ஒரு வார்த்தை போதும். அன்று அந்த மண்டபத்தில் அந்த ஒரு வார்த்தையை ஒருவர் சொல்லியிருந்தால், மற்றவர்களுக்கும் வாய் திறந்திருக்கும்.

சந்தேகம் வந்தால் மூடி மறைக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், காசு இல்லை. "ஊர் மானம் போயிடும்" என்று சொல்பவர்களிடம் கேளுங்கள்: பிள்ளையைக் கொடுத்துக் காப்பாற்றும் மானம் யாருடைய மானம்?

கடைசியாக, உங்கள் பிள்ளை இந்தத் தொடரை ஏற்கனவே பார்த்திருந்தால் போனைப் பறிப்பதற்கு முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த ஹன்னா ஏன் பிறகு ஒண்டும் கதைக்கல்ல?" பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள். பிள்ளை ஹன்னாவைப் பற்றித்தான் சொல்கிறதா, தன்னைப் பற்றியா என்று கவனியுங்கள்.

உங்கள் அபிப்பிராயங்களைக் கீழே எழுதுங்கள். என்னோடு உடன்படாதவர்களும் எழுதுங்கள். வெளியில் எழுத முடியாத விஷயம் என்றால் இன்பொக்ஸில் வாருங்கள். பெயர் வெளியே போகாது.