பங்கு பேசாத கூட்டு

காசிமேட்டிலிருந்து ஒரு விசைப்படகு கடலுக்குப் புறப்படுமுன்பே பங்கு பேசி முடிந்திருக்கும். டீசல் செலவு, ஐஸ் செலவு போக மிஞ்சுவதில் படகுக்கு எவ்வளவு, உயிரைப் பணயம் வைத்துப் போகிறவனுக்கு எவ்வளவு என்பது அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். படகுக்காரர் சொந்த மாமனாகவே இருக்கலாம். 'நமக்குள் என்ன கணக்கு?' என்று எவனும் சொல்வதில்லை. உறவு கெடாதிருக்கத்தானே கணக்கு!

இந்தச் சாமானிய ஞானம் நமது அரசியல் மேதைகளுக்கு இல்லை. சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் கொண்ட சிநேகத்தைக் கபிலரும் பாரியும் கொண்ட நட்பைப் போல வருணித்து உருகுகிறார்கள். "அதைப்போல நாமும் ஒரு வல்லரசோடு தோள் சேர்ந்துகொள்வோம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நமக்கு உபதேசமும் செய்கிறார்கள். நான் சரித்திரப் பேராசிரியன் அல்லன். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் நான் வாழும் இந்த வடசென்னைக் கரை, பங்கு பேசாத யுத்தக் கூட்டு எப்படி முடியும் என்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறது.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வந்து, துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. ஜெர்மானியனுக்கும் நமக்கும் வாய்க்கால் தகராறா, வரப்புத் தகராறா? பிரிட்டனின் சண்டை, எரிந்தது நம் கரை. அந்த யுத்தத்துக்கு இந்தியா பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கடல் கடந்து அனுப்பியது. பத்துக் கோடி பவுனும் கொடுத்தது. கைம்மாறாக 1919-ல் கிடைத்தவை ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும்!

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி வைசிராய் லின்லித்கோ, ஓர் இந்தியத் தலைவரையும் கேளாமல், இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். "ஹிட்லரை எதிர்த்திருக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும், சந்தேகமே இல்லை. காங்கிரசும் நாஜிகளைக் கண்டித்துவிட்டுத்தான், 'யுத்தத்தின் நோக்கம் என்ன? எங்கள் விடுதலையும் அதில் அடக்கமா?' என்று கேட்டது. அதாவது, பங்கைக் கேட்டது. நேரான பதில் வரவில்லை. மாகாண மந்திரிசபைகள் ராஜிநாமாச் செய்தன. சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபையும் விலகிற்று.

1941 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் கூடி, மக்கள் யாவரும் தம் ஆட்சிமுறையைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்று சாசனம் வெளியிட்டார்கள். செப்டம்பர் 9-ஆம் தேதியே சர்ச்சில் பார்லிமெண்டில், அது நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பிய நாடுகளை மனத்தில் கொண்டு எழுதியது என்று சொல்லி இந்தியாவை வெளியே நிறுத்தினார். அவர் அந்தச் சந்திப்புக்கு ஏறிச் சென்ற 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' கப்பலை டிசம்பர் 10-ஆம் தேதி மலேயாக் கடலில் ஜப்பானியர் மூழ்கடித்தார்கள். சாசனத்தில் நமக்கு இடமில்லை. சண்டை மட்டும் நம் வாசலுக்கு வந்தது.

1942 ஏப்ரலில் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு விழுந்ததும் சென்னை காலியாயிற்று. அரசாங்க அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். காப்பதற்கு வந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் காட்டிய தைரியம் இவ்வளவுதான்! 1943-ல் வங்காளத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். தானியம் கொண்டுவரக் கேட்ட அளவுக்குக் கப்பல் கிடைக்கவில்லை. அதே காலத்தில் 25 லட்சம் இந்தியர் அந்த யுத்தத்துக்காகப் பட்டாளத்தில் இருந்தார்கள். யுத்தம் முடிந்தபோது பிரிட்டன் நமக்குத் தரவேண்டிய கடன் சுமார் 130 கோடி பவுன். அதைக் கழித்துவிட வழியுண்டா என்று பார்த்தவரும் சர்ச்சில்தான்.

நமக்குக் குறைமரக்காலில் அளந்த அந்த மனிதருக்கு அவருடைய சிநேகிதர் எந்த மரக்காலில் அளந்தார்? 1940-ல் பழைய நாசகாரிக் கப்பல்கள் ஐம்பதைக் கொடுத்து, பிரிட்டனின் தீவுகளில் 99 ஆண்டுக்குத் தளங்களை வாங்கிக்கொண்டது அமெரிக்கா. 1943-ல் டெஹ்ரானில் ரூஸ்வெல்ட் ஸ்டாலினைத் தனியே சந்தித்தார். சர்ச்சிலைத் தனியே சந்திக்க மறுத்தார். 1945-ல் யுத்தம் ஓய்ந்ததும் கடன்-குத்தகை உதவி சட்டென்று நின்றது. பிறகு வாங்கிய 375 கோடி டாலர் கடனுக்கு வட்டி போட்டு, கடைசித் தவணையை பிரிட்டன் 2006-ல் கட்டி முடித்தது. ஒரே மொழி, ஒரே இரத்தம் என்றார்களே, அந்த உறவுக்கே இந்தக் கதி!

ரூஸ்வெல்ட் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. தம் நாட்டுக்கு அவர் கணக்குப் பிள்ளையாக இருந்தார். அது அவர் கடமை. தலைவர்கள் கட்டித் தழுவிக்கொள்வதைப் படத்தில் பார்த்து நாம் கணக்கை மறந்தால், அது நம் அசட்டுத்தனம். நாளை எந்த வல்லரசாவது கூட்டுக்கு அழைத்தால், எதற்காகச் சண்டை, நிறுத்துவது யார் கையில், சாகப் போவது யார், மிஞ்சுவதில் நமக்கு என்ன என்பதை எழுத்தில் வாங்கி, பார்லிமெண்டில் வைத்து, ஊரறியப் பேசிவிட்டுப் போகட்டும். சண்டை முடிந்த பிறகு பங்கு கேட்கப் போகிறவனை உலகம் கூட்டாளி என்று மதித்ததில்லை. கூலி கேட்டு வாசலில் நிற்பவனாகத்தான் பார்த்திருக்கிறது.