நாணயம் விற்போரின் நாணயம்

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. முன்னதை விற்பதற்காகப் பின்னதைக் கைவிட்ட விளம்பரங்கள் இந்நாளில் பத்திரிகைகளிலும் கைப்பேசிகளிலும் பெருகி வருகின்றன. "அபூர்வ நாணயம், சிலவே எஞ்சியுள்ளன, இன்றே வாங்குவீர், நாளை பன்மடங்கு விலை பெறும்" என்பதே அவற்றின் பல்லவி. நம் அங்கத்தினர் கையில் போனஸும் விளைச்சல் பணமும் புழங்கும் காலத்தை விளம்பரக்காரர் நன்கறிவர்.

ஒரு நாணயத்துக்கு மூவகை மதிப்பு உண்டு. அதன்மேல் பொறித்த மதிப்பு ஒன்று. அதிலுள்ள உலோகத்தின் மதிப்பு மற்றொன்று. சேகரிப்போர் விரும்பித் தரும் அபூர்வ மதிப்பு மூன்றாவது. முதலிரண்டையும் எவரும் கணக்கிடலாம். மூன்றாவதையோ இவ்விளம்பரங்களில் விற்பவரின் வாய்ச்சொல்லே நிர்ணயிக்கிறது. மோசடி நுழையும் வாசல் இதுவே.

உதாரணமாக, தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாண்டு நிறைவுக்கென, 2010 என்று ஆண்டு பொறித்த 1000 ரூபாய் நினைவு நாணயம் ஒன்று உண்டு. அதன் எடை 35 கிராம். அதில் வெள்ளி 80 சதவிகிதம். ஆக, உள்ள வெள்ளி 28 கிராம். அன்றன்றைய வெள்ளி விலையால் இதைப் பெருக்கினால் உலோக மதிப்பு விளங்கிவிடும். அதற்கும் மேலாகக் கேட்கப்படும் தொகைக்கு விற்பவர் காரணம் காட்டியாக வேண்டும். இத்தகைய நினைவு நாணயங்களை மத்திய அரசின் நாணயச் சாலைகளே விலை அறிவித்து விற்பதுண்டு. அவ்விலையை விசாரியாமல் தரகரிடம் வாங்குவது, சங்கத்தில் நூல் இருக்க வெளியே இரட்டை விலை கொடுப்பதை ஒக்கும்.

தங்க முலாம் பூசியவற்றின் கதை இன்னும் எளிது. சரிகையின் மினுமினுப்பைக் கண்டு மயங்காமல், அதில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று கேட்டு வாங்குபவர் நம் நெசவாளர். அதே கேள்வியை நாணயத்தினிடமும் கேட்க வேண்டும். முலாம் என்பது மேற்பூச்சே. அதிலுள்ள தங்கம் மிக அற்பம். விற்பவரே அச்சிட்டுத் தரும் சான்றிதழோ அவருடைய வாய்ச்சொல்லின் எழுத்து வடிவமேயன்றி வேறல்ல.

பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக ஆசை காட்டி, முன்பணமாகக் கமிஷனும் வரியும் கேட்போரும் உளர். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் இவர்கள் பயன்படுத்துவதறிந்து, தான் இவ்வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை, கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்று அவ்வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

நாணயம் சேகரிப்பது குற்றமன்று. சரித்திர அறிவை வளர்க்கும் நல்ல பொழுதுபோக்கே. ஆனால் பொழுதுபோக்கைச் சேமிப்பென்று கருதலாகாது. வாங்குமுன் மூன்று கேள்விகள் போதும்: எடை என்ன? உலோகத்தின் தரம் என்ன? இதே நாணயத்தை நாளை திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு வாங்கிக்கொள்வீர், எழுத்தில் தருவீரா? மூன்றாவது கேள்விக்கு மௌனம் சாதிப்பவரிடம் காசைக் கொடுக்க வேண்டாம்.

ஏமாந்தோர் வெட்கி ஒளிய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதற்கும் முன்பாக, விளம்பரத்தைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்து நாலு பேரிடம் காட்டுங்கள். தனித்திருப்பவரை ஏமாற்றுவது எளிது. கூடி யோசிப்பவரை ஏமாற்றுவது அரிது. கூட்டுறவின் பயன் கடனிலும் கொள்முதலிலும் மட்டுமன்று, இதிலும் உண்டு.