காசு வாங்காத தரகர்

போன மாதம் 20-ம் தேதி. ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்குக் கடைசி நாள். நான் சென்னையில். சித்தப்பா மகனின் அரிசிக் கடைக் கணக்கோ மேல்சித்தாமூரில், அவன் கடை கம்ப்யூட்டரில். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய். "அந்தக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே திறக்க முடியுமாடா?" என்று போனில் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் இங்கதானேண்ணே இருக்கு? வந்து திறந்துக்குங்க" என்றான்.

பி.காம். படித்தவனுக்கு நெட்வொர்க் எதற்கு என்கிறீர்களா? 50 ரூபாய் நஷ்டம் என்றால் நாங்கள் எதையும் படிப்போம்.

இரண்டு பக்கமும் இன்டர்நெட் இருக்கிறது. பின் ஏன் நேராகப் பேச முடியவில்லை? பழைய பாணி இன்டர்நெட் முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. தலைமைக் கிடங்கில் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் ஒரே கதவு எண்ணில் பல வீடுகள் ஒண்டுக்குடித்தனம்.

போதாததற்கு வீட்டு ரவுட்டர் ஒரு செஞ்சிக் கோட்டை. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையிட்டு, 1698-ல்தான் உள்ளே நுழைந்தார். உள்ளே இருந்த ராஜாராமோ அதற்குமுன் நைசாக வெளியேறிவிட்டார். ரவுட்டரும் அப்படித்தான். வெளியே போவது சுலபம், உள்ளே வருவது கஷ்டம். ஒரே சலுகை: நம் ஆள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தால் காவல்காரன் உள்ளே விடுவான்.

இந்த இடத்தில்தான் தரகர் வருகிறார். பொது இடத்தில் ஒரு சர்வர். என் கம்ப்யூட்டரும் தம்பி கம்ப்யூட்டரும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அவரிடம் அவ்வப்போது சொல்லி வைக்கும். அவர் ஒருவர் விலாசத்தை மற்றவருக்குத் தருவார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கடிதம் போடுவார்கள். முதல் கடிதம் குப்பைக்குப் போகலாம். ஆனால் அதற்குள் இரு காவல்காரர்களும் 'நம்ம ஆள் அங்கே எழுதியிருக்கிறான்' என்று குறித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த கடிதம் பதில் என்ற பெயரில் உள்ளே போய்விடும். தொழிலில் இதற்கு 'ஹோல் பஞ்சிங்' என்று பெயர்.

2004-ல் வந்த ஹமாச்சி இப்படித்தான் கேம் விளையாடும் பையன்களை இணைத்தது. யாருக்கும் ஒதுக்காமல் கிடந்த, 5-ல் தொடங்கும் முகவரிகளை உறுப்பினர்களுக்குக் கொடுத்தது. புறம்போக்கில் வீடு கட்டிய கதை! 2010-ல் அந்த நிலத்துக்கு வேறு ஆட்களுக்குப் பட்டா கிடைத்தது. 2012-ல் ஹமாச்சி 25-க்குக் குடிபோனது. அது பிரிட்டிஷ் ராணுவ அமைச்சகத்தின் பேரில் உள்ள நிலம்!

இனி வியாபாரம். 10 பேர் என்றால் 45 ஜோடி. 1,000 பேர் என்றால் 4,99,500 ஜோடி. எல்லா ஜோடிக்கும் எப்போதும் பாதை போட்டு வைத்தால் கட்டுப்படியாகாது. யார் கூப்பிடுகிறாரோ, அப்போது போட்டால் போதும். தரகர் அறிமுகம் செய்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அவர் படுத்துவிட்டாலும் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் குடித்தனம் பெரும்பாலும் தொடரும். புதுக் கல்யாணம்தான் நிற்கும்.

ஆனால் சில காவல்காரர்கள் ஆளுக்கொரு வாசல் மாற்றுவார்கள். அங்கே இந்தத் தந்திரம் பலிக்காது. தரகரே மூட்டையைச் சுமந்து இங்குமங்கும் ஓட வேண்டும். அறிமுகத்துக்கு ஆகும் செலவு அற்பம். மூட்டைக் கூலியோ ஆள் சேரச் சேர ஏறும். 'இலவசம்' என்று போர்டு மாட்டும் முன், நூறு ஜோடியில் எத்தனைக்கு மூட்டை தூக்க வேண்டிவரும் என்று பார்க்காதவன் கடையை மூட வேண்டியதுதான்.

அன்று எங்களுக்கும் மூட்டை வழிதான். ஆமை வேகம். ராத்திரி 11.40-க்கு ரிட்டர்ன் போய்ச் சேர்ந்தது.

"தரகருக்கு எவ்வளவுண்ணே?"

"நம்மைப் போல சின்னக் கடைக்கு இலவசம்டா."

"காசு வாங்காத தரகரா? ஆளை மாத்திக் காட்டிடப் போறாருண்ணே!"

சிரித்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. எந்தச் சாவி யாருடையது என்பதைத் தரகர் வாயால்தானே தெரிந்துகொள்கிறோம்? மறுநாள் காலை முதல் வேலையாகத் தம்பிக்குப் போன் போட்டு, இரு பக்கச் சாவி எண்களையும் எழுத்து எழுத்தாகப் படித்துச் சரிபார்த்தேன்.

கல்யாணத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை!