ஊர்ப் பெயர்தான் வேண்டும்!

ஐம்பது வயதுக்கு மேல் புது வேலையா? எதற்கு இந்தத் தொல்லை என்று கேட்பவர்கள் உண்டு. ஜப்பான் நாட்டு சபுரோ கவாபுச்சி அப்படி நினைக்கவில்லை.

இவர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானுக்காகக் கால்பந்து ஆடியவர். பிறகு கம்பெனி உத்தியோகம் பார்த்தார். 1991-ம் ஆண்டு 'ஜே லீக்' பிறந்தது. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கான கால்பந்துப் போட்டி அது. அதன் முதல் தலைவர் கவாபுச்சி. அப்போது அவருக்கு வயது 54.

அதுவரை அங்கே பெரிய குழுக்களைக் கம்பெனிகள்தான் நடத்தின. மைதானங்கள் காலியாகக் கிடந்தன. கவாபுச்சி ஒரு நிபந்தனை போட்டார். குழுவுக்கு ஊர்ப் பெயர் வேண்டும். கம்பெனிப் பெயர் கூடாது!

பணம் போட்டவர்களில் சிலருக்குக் கோபம் வந்தது. கவாபுச்சி அசையவில்லை.

காஷிமா சின்ன ஊர். ஜனத்தொகை சுமார் 45,000. கூரை போட்ட, 15,000 பேர் உட்காரும் மைதானம் கட்டினால்தான் இடம் என்றார். கட்டிவிட்டார்கள்! 1993-ல் 10 குழுக்களுடன் போட்டி தொடங்கியது. முதல் கட்டத்தில் வென்றது யார்? காஷிமாதான்! 2024-ல் குழுக்கள் 60 ஆயின.

கம்பெனி ஜெயித்தால் கம்பெனிக்காரருக்கு மகிழ்ச்சி. ஊர் ஜெயித்தால் காய்கறி விற்பவருக்கும் பள்ளிச் சிறுவனுக்கும் மகிழ்ச்சி.

பணம் வேண்டியதுதான். ஆனால் புது வேலைக்குப் போகிறவர், பணம் தருவது யார் என்று மட்டும் பார்த்தால் போதாது. வேலை யாருக்காக என்றும் பார்க்க வேண்டும்.