வைரஸ் எழுதினவன் ஜீனியஸா?

வைரஸ் எழுதுறவன் எல்லாம் பயங்கர மூளைக்காரன்னு ஒரு நினைப்பு நம்ம பசங்ககிட்ட இன்னமும் இருக்கு. காலேஜ் ஹாஸ்டல்ல நானும் அப்படித்தான் பேசிட்டுத் திரிஞ்சேன். ஜெருசலேம் வைரஸ் பத்திப் படிச்சேன் பாருங்க, அந்த மரியாதை போயே போச்சு.

1987 அக்டோபர்ல ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்துல பிடிபட்டது இது. டாஸ் காலம். வைரஸ் ஒட்டின புரோகிராமை ஒரு தடவை ஓட்டினா போதும், மெமரில சம்மணம் போட்டு உட்கார்ந்துக்கும். டாஸ்ல ஒரு புரோகிராம் கிளம்பணும்னா இன்டரப்ட் 21ஹெச் வழியாத்தான் போகணும் (8086 லேப்ல ரெக்கார்டு எழுதினவங்களுக்கு ஞாபகம் வரும்). இவர் அந்த வாசல்லயே நின்னு, போற வர்ற ஃபைல் மேல எல்லாம் தன்னை ஒட்டி விடுவார். காம் ஃபைல்னா முன்னாடி 1808 பைட், கடைசில அடையாளத்துக்கு 5 பைட். அந்த அடையாளம் இருந்தா மறுபடி ஏற மாட்டார்.

இஎக்ஸ்இ ஃபைல்லதான் நம்ம ஜீனியஸ் கோட்டை விட்டாரு. ஏற்கனவே ஏறின ஃபைலை அங்க அடையாளம் கண்டுபிடிக்கத் தெரியல. ஓட்ட ஓட்டத் திரும்பத் திரும்ப ஏறும், தடவைக்குச் சுமார் 1808 பைட். 100 தடவை ஓட்டினா 1,80,000 பைட்டுக்கு மேல! டாஸ்ல புரோகிராமுக்குக் கிடைச்சதே 640 கேபிக்குள்ளதான். ஒரு நாள் ஃபைல் மெமரிலயே ஏறாது. ஒளிஞ்சிருக்க வேண்டியவன் இப்படித் தொப்பை போட்டா மாட்டாம என்ன பண்ணுவான்? இந்தக் கோடு என்கிட்ட ரிவ்யூவுக்கு வந்திருந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

இது இருக்கட்டும், எனக்குக் கடுப்பு வேற இடத்துல. 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையா வந்தா, அன்னிக்கு எந்தப் புரோகிராமை ஓட்டினாலும் அது டெலீட். 1987ஐ மட்டும் விட்டு வெச்சிருந்தான். அதுக்கப்புறம் வந்த முதல் நாள் 1988 மே 13. யோசிச்சுப் பாருங்க, ஒண்ணு ஓடலைன்னா நாம என்ன செய்வோம்? இன்னொண்ணை ஓட்டிப் பார்ப்போம். அதுவும் காலி. சரி, பேக்கப் ஃபிளாப்பிலேர்ந்து ஓட்டலாம்னு சொருகினா, ரைட்-ப்ரொடெக்ட் பண்ணாம இருந்தா அதுவும் காலி. பதறப் பதற இழப்பு கூடும். இதுல மூளை எங்க இருக்கு? வெறும் வன்மம்.

அதே ஜெருசலேம்ல உட்கார்ந்து இந்த வைரஸைப் பைட் பைட்டாப் பிரிச்சு மேஞ்சு, முறிவு மருந்து எழுதினவங்களும் இருந்தாங்க. அவங்க பேரு எங்க ஹாஸ்டல்ல ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்கும்தான்.